விட்டுக்கொடுக்கும் உடம்பு

அடிக்கட்டும். ஒரு தடவை அடித்துவிட்டால் அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும். அதற்குள் இரண்டு விரல் நகத்தையாவது வெட்டிவிடலாம்.

சாருமதி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நகவெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கணவனின் மூடிய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கட்டும் என்று அவள் நினைத்தது லோகநாதனை அல்ல. அவன் வேறு, அவனுடைய உடம்பு வேறு என்று பிரித்துப் பார்க்க அவள் பழகிக்கொண்டுவிட்டாள். அப்படிப் பிரிக்காமல் இந்த வீட்டில் ஒரு பொழுதைக்கூடத் தள்ள முடியாது.

"தொடறேன்," என்றாள்.

"தொடு, தொடு. புதுப்பொண்ணாட்டம் சொல்லிக்கிட்டு," என்றான் லோகநாதன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

அவள் தன் உள்ளங்கையை அவன் முஷ்டிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். பிடிக்கவில்லை, இழுக்கவில்லை. விரலைப் பிரிக்க முயன்றால் அது இன்னும் இறுகும். எதிர்க்க ஒன்றும் இல்லை என்று அதற்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். மெல்ல மெல்ல முஷ்டி தன் கனத்தை அவள் கையில் இறக்கியது. சுண்டுவிரல் நெகிழ்ந்தது. அந்த இடுக்கில் அவள் நகவெட்டியை நுழைத்தபோது அவன் தோள் துள்ளியது, முழங்கை மடங்கி நிமிர்ந்தது, முஷ்டி அவள் காதை உரசிக்கொண்டு போய்க் காற்றைக் குத்தியது. கதவு திரும்புவதைப்போல அவள் இடுப்பு அதற்குள் திரும்பி வழிவிட்டிருந்தது.

"பட்டுதா?"

"இல்ல மாமா."

"நல்ல குத்து. வீணாப் போச்சு," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. நகங்கள் இறங்கிய இடத்தில் உள்ளங்கை பிறைபிறையாகப் புண்ணாகியிருந்தது. அவள் மருந்தைத் தடவிவிட்டு, அடுத்த விரலுக்காகக் காத்திருந்தாள்.

மெய்ப்பதிவு வந்த புதிதில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. கழுத்தின் பின்புறம், தோலுக்கு அடியில், சிலந்தி நூல்போல ஒரு நரம்புவலை. மதியம் கடையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்து வரும்போது கராத்தேயோ குத்துச்சண்டையோ சிலம்பமோ உடம்பில் ஏறியிருக்கும். எவரோ ஒருவர் பாதி ஆயுள் மூட்டுத் தேய்ந்து கற்ற தசைக் கட்டளைகள் அத்தனையும் இன்னொருவர் நரம்பில் இறங்கிவிடும். இரவு ஷிப்ட் முடிந்து தனியாக வீடு திரும்பும் பெண்கள்தான் முதலில் வரிசையில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? அப்புறம் அவர்களைப் பார்த்துப் பயந்த ஆண்கள் போட்டுக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்துப் பயந்தவர்கள் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டார்கள். "பதிவு போட்டாச்சா?" என்பது "சாப்ட்டாச்சா?" மாதிரி ஆகிவிட்டது.

வேண்டுமென்றே அடிக்கிற அடி நின்றுபோனது உண்மைதான். வேண்டாத அடி ஆரம்பித்தது. பின்னாலிருந்து தோளைத் தட்டிய சிநேகிதனின் மூக்கு உடைந்தது. தூங்குகிற மனைவிக்குப் போர்த்திவிடப் போனவருக்கு விலா எலும்பு போயிற்று. அதனால் "தொடறேன்" என்று சொல்லாமல் யாரும் யாரையும் தொடுவதில்லை என்ற வழக்கம் தானாகவே வந்தது. காந்திபுரம் பேருந்தில் ஏறினால் "தொடறேன், தொடறேன்" என்ற முணுமுணுப்பு தேன்கூட்டில் காது வைத்ததுபோலக் கேட்கும். கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு ஒலிபெருக்கியில் "தொடறேன்" என்பான். மண்டபமே சிரிக்கும். சிரித்துக்கொண்டே பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் ஓரடி தள்ளி நின்றுகொள்வார்கள்.

இறுக்கநோய் அதற்குப் பிறகு வந்தது. காவலுக்கு ஏறி நின்ற உடம்பு இறங்க மறந்துபோயிற்று. தூக்கத்தில் பல் நறநறக்கும், பிறகு விரல்கள் விரியாது, கடைசியில் விலாத் தசைகள் இறுகி மூச்சு உள்ளே போக இடம் இருக்காது. மருத்துவர்கள் வைத்த பெயரைக் கோயம்புத்தூரில் யாரும் சொல்வதில்லை. ஊருக்கு அது 'முறுக்கு'.

"மச்சானுக்கு முறுக்கு வந்துருச்சாமா."

"அரிசி முறுக்கா, கை முறுக்கா?"

"எல்லாருக்கும் கையிலதானப்பா ஆரம்பம்."

வலையை எடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. வலை வெளியே வந்தது. நரம்பு கற்றுக்கொண்டது வெளியே வரவில்லை.

லோகநாதன் பதிவு போட்டுக்கொண்டவன், சாருமதி போட்டுக்கொள்ளவில்லை. சிங்காநல்லூரில் ஒரு மருத்துவமனையில் அவள் இயன்முறை சிகிச்சை தருகிறவள். கல்யாணத்துக்கு முன்பு சில வருஷங்கள் பினாங்கில் வேலை பார்த்தாள். அங்கே அவளோடு வேலை பார்த்த சூ லான் என்ற சீனப் பெண்ணுக்குத் தாய்ச்சி என்ற மெதுவான சீனத் தற்காப்புக்கலை தெரியும். இரண்டு பேருக்கும் ஒரே வயசு. ஷிப்ட் முடிந்ததும் மொட்டைமாடியில் முன்கையோடு முன்கையை ஒட்டி நின்று ஒருத்தியை ஒருத்தி தள்ளி விளையாடுவார்கள். யார் முதலில் விறைக்கிறாளோ அவள் தோற்றாள், அன்றைக்கு நூடுல்ஸ் அவள் செலவு. விளையாட்டு அவளுக்குள் தங்கிவிட்டது. ஊருக்கு வந்தபிறகும் காலையில் கொஞ்ச நேரம் தனியாக நின்று கையை அசைப்பாள். லோகநாதன் காப்பியோடு வந்து நின்று வேடிக்கை பார்ப்பான். "ஏம் புள்ள, இந்த வேகத்துல குத்துனா எதிராளி வீட்டுக்குப் போயி சோறு தின்னுட்டு வந்துருவானே" என்பான்.

முறுக்கு நோயாளிகளை அடிபடாமல் தொடக்கூடியவள் அந்த வட்டாரத்திலேயே அவள் ஒருத்திதான் என்று தெரிந்ததும் அவளுடைய நெகிழ்வைப் பதிந்து நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்க்க 'அரண்' நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார்கள். ஊரில் பாதிப் பேருடைய கழுத்தில் இருக்கிற வலை அரண் செய்ததுதான்.

வந்தவர்கள் இரண்டு பேர். நிர்வாகி வினோதினி எதையும் அவசரப்படாமல் பேசுகிறவள். பதிவுப் பொறியாளன் மாதேஷ் அதற்கு நேர்மாறு. அவன் உடம்பில் ஆறு பதிவுகள் இருந்தன. அதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொண்டான்.

"அக்கா, ஒருக்கா என்னைத் தள்ள உடுங்க. கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?"

"தள்ளு தம்பி."

"தொடறனுங்க." அவன் அவள் தோளில் கை வைத்துத் தள்ளினான். இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்பவனைப்போல அவன் உடம்பு ஒரு கணம் திகைத்தது. அவன் தள்ளிய இடத்தில் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. தடுமாறி மீண்டு நின்று மறுபடி தள்ளினான். இந்தமுறை அவள் வாங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்தாள். கை அசைந்ததாகத் தெரியவில்லை. அவன் நான்கடி பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஏனுங்க்கா, என்ன பண்ணுனீங்க?"

"ஒன்னும் பண்ணலையே. நீ கொண்டுவந்ததை உனக்கே குடுத்தேன்."

அவள் கழுத்தின் மேல், தசை அசைவைப் படிக்கும் பதிவுவலையை மாட்டிவிட்டு மாதேஷ் திரையைப் பார்த்தான். திரை காலியாக இருந்தது. ஒரு குத்துச்சண்டைக்காரனைப் பதிந்தால் திரை மலை மலையாக ஏறி இறங்கும். இறுக்கம்தான் கருவிக்குத் தெரியும். கராத்தே, குத்துச்சண்டை போன்ற வெளிமுறைகள் எல்லாம் சேர்த்துக்கொண்டே போகிறவை, இன்னும் பலம், இன்னும் வேகம், இன்னும் கெட்டியான தோள் என்று. அடியை அடியால் தடுக்கும். அதனால்தான் அவற்றை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க முடிந்தது. சாருமதி செய்தது கழித்துக்கொண்டே போவது. தோளில் இருக்கிற பிடிவாதத்தைக் கழி, முதுகில் இருக்கிற பயத்தைக் கழி. கழித்ததை எந்தக் கருவியில் பிடிப்பது?

மாதேஷ் விடவில்லை. சில மாதங்களில் வேறொரு கருவியோடு வந்தான். கருத்துணரி என்று பெயர் வைத்திருந்தான். தசை அசைவதற்கு முன்பு, அசையலாம் என்று நினைப்பு எழுகிறதே, அதைப் படிக்கும்.

"மெதுவாச் சொல்லுங்க்கா. மொதல்ல என்ன?"

"விட்டு."

"என்னத்த உட்டு?"

"வர்றதை. தடுக்காம உள்ள விட்டு. அது காலுக்கு இறங்கி மண்ணுக்குப் போயிரும்."

"அப்பறம்?"

"கொடு. மண்ணுல இருந்து எடுத்துக் கொடு. வேணும்னா."

"நடுவுல?"

"நடுவுல ஒன்னும் இல்ல. சும்மா இருக்கறது."

மாதேஷ் குறித்துக்கொண்டான். பதிவுப் பேழையின் மேல் அவன் ஒட்டிய பெயரை அவள் கிளம்பும்போது பார்த்தாள். 'விட்டுக்கொடுத்தல்' என்று ஒரே சொல்லாக எழுதியிருந்தது. சேர்த்து எழுதிவிட்டானே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு வந்துவிட்டாள். அவள் மனசு அப்போது வேறு எங்கோ இருந்தது. சோதனை முடிந்ததும் முதல் ஆளாக லோகநாதனுக்குப் போடுவோம் என்று வினோதினி சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் அவள் எல்லாவற்றுக்கும் சம்மதித்திருந்தாள்.

சோதனைக்கு முன்வந்தவள் தேவிகா. பஞ்சாலையில் நூற்பு இயந்திரம் பார்க்கிறவள், இரண்டு கையும் மூடிப்போனவள். பதிவு ஏறிய மறுநாள் அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பத்து விரலையும் முகத்துக்கு நேரே வைத்து யாருடையதோ என்பதுபோலப் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டு, "தொடறேன்" என்றுகூடச் சொல்லாமல், தலையைத் தொட்டு, சிக்கெடுத்து, பின்னிவிட்டாள். அந்தக் குழந்தை உடம்பைக் குறுக்கிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்து, அடி வராததும் தேம்பி அழுதது. வார்டில் செவிலியர் எல்லோரும் அழுதார்கள். சாருமதி வராந்தாவுக்கு வந்து அழுதாள்.

ஒரு மாதம் போல் கழித்து, எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஒண்டிப்புதூரில் அவள் வீட்டுக்குப் போனாள். அடுத்த வாரம் லோகநாதனுக்குப் பதிவு போடுவதாக ஏற்பாடு.

தேவிகாவின் மாமியார் வாசலுக்கே வந்து வரவேற்றாள். "வாங்க டாக்டரம்மா, உங்க புண்ணியம். தங்கமாட்டம் ஆயிட்டா எங்க தேவிகா. முன்னெல்லாம் ஒரு சொல்லுச் சொன்னா ஒம்பது சொல்லு வரும். இப்ப வாயத் தொறக்கறதில்லீங்க."

"நான் டாக்டர் இல்லைங்கம்மா," என்றாள் சாருமதி வழக்கம்போல.

தேவிகா மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆலையில் இரட்டை ஷிப்ட் என்றாள்.

"எதுக்கு இரட்டை ஷிப்ட்?"

"கேட்டாங்க. சரின்னேன்."

"வளையல் எங்க?"

"நாத்தனா கேட்டாங்க."

சாருமதி அந்த வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். எழுந்து நின்று, "இப்படி வா. கையை ஒட்டு. தொடலாமா?" என்றாள். அப்படிக் கேட்கிற வழக்கமே கிடையாது. அறிவிப்பார்கள், கேட்கமாட்டார்கள். தேவிகா கேள்வி என்று புரியாமலே கையைக் கொடுத்தாள்.

முன்கைகள் ஒட்டின. சாருமதி மெல்லத் தள்ளினாள். தேவிகாவின் கை அழகாக நெகிழ்ந்தது. அது தன்னுடைய நெகிழ்வு என்று சாருமதிக்குத் தெரிந்தது. தன் குரலை வேறொருவர் வாயில் கேட்பதுபோல இருந்தது. இன்னும் தள்ளினாள். தேவிகா விட்டாள், இன்னும் விட்டாள், சுவரில் முதுகு ஒட்டும்வரை விட்டாள். இந்த இடத்தில் திரும்ப வரவேண்டும். வாங்கியது போதும், இனி இல்லை என்று உள்ளே யாரோ முடிவு செய்து, காலிலிருந்து ஒன்று கிளம்பி வரவேண்டும். வரவில்லை. சாருமதியின் உள்ளங்கை தேவிகாவின் நெஞ்செலும்பை அழுத்திக்கொண்டிருந்தது. தேவிகாவுக்கு மூச்சு மெலிந்தது. விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு உதட்டில் அப்படியே இருந்தது.

"வேண்டாம்னு சொல்லேன், தேவிகா."

"சொல்லோணும்னுதானுங்க இருக்குது." குரல் மட்டும் நடுங்கியது. "வாய்க்கு வரதுக்குள்ள ஒடம்பு சரின்னு போயிருதுங்க."

சாருமதி கையை எடுத்துக்கொண்டாள். கூடத்தில் மாமியார் காப்பி ஆற்றுகிற சத்தம் கேட்டது.

மாதேஷுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. அவன் மறைக்கவும் இல்லை. பீளமேட்டில் அவனுடைய ஆய்வுக்கூடத்தில் திரையைக் காட்டி விளக்கினான். "பாருங்க்கா. இது நீங்க 'விட்டு'ன்னது. இது 'கொடு'ன்னது. நடுவுல வெற்றிடமுங்க. ஒரு நெனப்புக்கூட இல்ல. எந்தப் பதிவுலயும் வெற்றிடத்தை வெட்டித்தான் எடுப்போம், இதுலயும் வெட்டிட்டேன். வெட்டுனதும் ரெண்டும் ஒட்டிக்கிச்சு."

"அதுலதானே தம்பி எல்லாம் இருக்கு."

"இப்பப் புரியுதுங்க. ஆனா காலியா உட்டாலும் ஆகாது. அந்தக் காலியிடத்துல பழைய பதிவு வந்து ஏறிக்குது. அடிச்சுப்புடுவாங்க. ஒன்னு அடி, இல்லீன்னா சரி. மூணாவதா ஏதாச்சும் வெச்சாத்தான் உண்டு."

வினோதினி அதுவரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு இன்னொன்னும் தெரியணும், மேடம். தேவிகாவைப் பத்திக் கேள்விப்பட்டு நிறையப் பேர் கேக்கறாங்க. ஆலைக்காரங்க, தங்கும் விடுதி நடத்தறவங்க. சில வீடுகள்ல இருந்துகூட. நோய் இல்லாதவங்களுக்கும் போட்டுவிட முடியுமான்னு." அவள் குரலில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. "நாங்க அப்படியே குடுக்கறதா இல்ல. மூணாவது ஒன்னை வெச்சுத்தான் குடுக்கப்போறோம். அதுக்கு நீங்க இன்னொரு தடவை உக்காரணும். அதே நாள் சாருக்கும் போட்டுரலாம்."

மறுநாள் காலை லோகநாதனுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டது அவளுக்குப் புதிதாக இருந்தது. மூச்சு இருந்த நாட்களில் அவன் எதையும் அப்படிக் கேட்டவன் இல்லை. சட்னியில் உப்பு முதல் எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பது வரை அவனுக்கு ஒரு மறுப்பு இருக்கும். பினாங்குக்குத் திரும்பப் போகலாமா என்று அவள் கேட்டபோது, ஒரு வருஷம் முழுக்க, தினம் ஒரு புதுக் காரணத்தோடு, மாட்டேன் என்றவன். கடைசியில் அவள்தான் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

பதிவு போட்டால் அவன் சரி என்பான்.

அந்த நினைப்பு எழுந்தபோது அவள் கை இட்லியோடு பாதியில் நின்றது. அவன் சரி என்று சொல்வதை அவள் மனசுக்குள் கேட்டாள். சரி புள்ள. போலாம் புள்ள. நீ சொல்றதுதான் புள்ள. அது இனித்தது. வருஷக்கணக்காகத் தன்னுள் ஒரு பெண் உட்கார்ந்து இதற்காகவே காத்திருந்ததுபோல இனித்தது. மூச்சுக்காக, மூச்சுக்காக என்று தான் இத்தனை நாள் ஓடிய ஓட்டத்தில் இவளும் கூடவே ஓடி வந்திருக்கிறாள். ஆலைக்காரர்களைப் பற்றி வினோதினி சொன்னபோது தனக்கு வந்த அருவருப்பை அவள் நினைத்துக்கொண்டாள். தட்டை வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

"இட்லி கல்லாட்டம் இருக்குது," என்றான் லோகநாதன் பின்னாலிருந்து.

குறித்த நாளில் பீளமேட்டுக்குப் போனார்கள். சக்கர நாற்காலியில் அவனை உட்காரவைத்து, மார்பின் குறுக்கே பட்டையைக் கட்டியிருந்தார்கள். அவன் உடம்பு யாரையாவது அடித்துவிடக்கூடாது என்பதற்காக. மூச்சு இப்போது மேல் நெஞ்சில் மட்டும்தான் ஓடியது. ஒவ்வொரு மூச்சையும் அவன் ஏதோ கனமான பொருளைப்போலத் தூக்கி உள்ளே வைத்தான்.

"நீங்க செய்யவேண்டியது ஒன்னுதான் மேடம்," என்றாள் வினோதினி. "நாங்க ஏதாவது கேப்போம். நீங்க மறுக்கணும். அந்த மறுப்பை எடுத்து நடுவுல வெச்சுருவோம்."

"எதை மறுக்கணும்?"

"எதை வேணா மறுங்க்கா," என்றான் மாதேஷ். "காப்பி வேண்டாம்னு சொன்னாக்கூடப் போதும். ஆனா மனசாரச் சொல்லோணும். சும்மா சொன்னா கருவி கண்டுபுடிச்சுரும்."

"அது எப்ப வெளிய வரும்? எதுக்கு மறுக்கறது, எதுக்குச் சரிங்கறதுன்னு யார் பாக்கறது?"

"அதை வாங்கறவங்க அமைச்சுக்கலாம்," என்றாள் வினோதினி.

"போட்டுக்கறவங்களா, வாங்கறவங்களா?"

"ரெண்டும் ஒரே ஆளா இருக்கறது கொறைவுதான் மேடம்."

"இவருக்கு?"

"சாருக்கு நீங்கதான் வாங்கறீங்க. நீங்களே அமைச்சுக்கலாம்."

மாதேஷ் பதிவுவலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அருகில் வந்தான். அதன் ஓரத்தில் பச்சை வெளிச்சம் மின்னிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் தம்பி," என்றாள் சாருமதி.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா! இதேதானுங்க! இப்பச் சொன்னீங்கள்ல, அச்சு அசலா அதே. வலையப் போட்டுக்கிட்டு இன்னொருக்கா அப்படியே சொல்லீருங்க, முடிஞ்சுது."

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. லோகநாதன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுத் திணறலாகி, உதடு நீலம் பாரித்தது. அவள் ஓடிப்போய் அவன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். அவன் தோள் துள்ளியது, பட்டை அவனைப் பிடித்துக்கொண்டது. விலா மெல்ல மெல்ல அவள் கைக்கு இறங்கி வந்தது. ஒரு மூச்சு உள்ளே போனது. இன்னொன்று போனது.

"சாரு."

அவள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஆமாஞ்சாமியா இருந்துட்டுப் போறேன் புள்ள." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவன் நின்று மூச்சை எடுத்தான். "எத்தன காலம் எதுத்துப் பேசுனேன். என்னத்தக் கண்டேன். நீ சொல்றதக் கேட்டுக்கிட்டு... உன்ற பின்னாலயே வாறேன். மூச்சு உட்டாப் போதும். அந்த வலையப் போட்டுக்க."

அவன் இப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. இது அவனே கேட்பது. எந்தப் பதிவும் கேட்கச் சொல்லவில்லை. இதற்குச் சரி என்றால் இனி அவன் கேட்பதும் மறுப்பதும் அவள் அமைத்ததாக இருக்கும். அவன் உள்ளே எங்கேயோ இருந்து, விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோல அவளைப் பார்த்துச் சிரிப்பான். முடியாது என்றால் இந்த மழைக்காலம் தாண்டுவது சந்தேகம். எது அன்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் முயலவும் இல்லை. அவன் கேட்டதைத் தடுக்காமல் உள்ளே விட்டாள். அது நெஞ்சில் முட்டியது, வயிற்றில் இறங்கியது, மடங்கியிருந்த கால் வழியே குளிர்ந்த தரைக்குப் போயிற்று. உள்ளே எல்லாம் காலியாயிற்று. அந்தக் காலியில் அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சூ லான் இல்லை, காத்திருந்த அந்தப் பெண்ணும் இல்லை. அவள் மட்டும்தான் இருந்தாள்.

மாதேஷ் வலையை நீட்டியபடியே நின்றான். வினோதினி கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

சாருமதி கணவனின் மூடிய கையைத் தன் இரு கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள்.

"இல்ல மாமா," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.